தக்காணம் முதல் பாரன் தீவு வரை: இந்திய நிலத்தை எரிமலைகள் வடிவமைத்தது எப்படி?

மும்பையில் இருந்து புனே நோக்கிச் செல்லும் ரயில், கர்ஜத் நிலையத்தைக் கடந்ததும் போர் கணவாயில் ஏறத் தொடங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலைகளின் உச்சி மேசையைப் போலத் தட்டையாக இருக்கிறது. சரிவுகள் படிக்கட்டுகளைப் போல அடுக்கடுக்காக இறங்குகின்றன. மழைக்காலத்தில் ஒவ்வொரு படியில் இருந்தும் அருவி விழுகிறது. எரிமலை என்றதும் மனத்தில் எழும் கூம்பு வடிவமோ, புகை கக்கும் வாயோ அங்கு எங்கும் இல்லை. ஆயினும், அந்த மலைகள் அடி முதல் முடி வரை எரிமலைக் குழம்பு உறைந்து உருவானவை.

அதே இந்தியாவின் கிழக்கு எல்லையில், அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு, பாடநூல் படத்தில் இருப்பது போன்ற கூம்பும் புகையுமாக நிற்கிறது. இரண்டுமே பூமியின் ஆழத்தில் இருந்து வந்த உருகிய பாறையால் ஆனவை. ஒன்று பீடபூமியாகவும் மற்றொன்று கூம்பாகவும் மாறியது ஏன் என்பதற்கான விடை, எரிமலைகள் நிலத்தை வடிவமைக்கும் விதத்தை விளக்குகிறது. அந்த விடை பாறையோடு நின்றுவிடுவதில்லை. கோடிக்கணக்கான மக்களின் விவசாயத்தையும் குடிநீரையும் இன்றும் தீர்மானிப்பது அதுதான்.

குழம்பின் தன்மையே வடிவம்

பூமிக்கு அடியில் இருக்கும் வரை உருகிய பாறை மாக்மா எனப்படுகிறது. வெளியே வந்த பின் அது லாவா, அதாவது எரிமலைக் குழம்பு. இக்குழம்பு எத்தகைய நிலவடிவத்தை உருவாக்கும் என்பதை முக்கியமாக மூன்று அம்சங்கள் முடிவு செய்கின்றன. அதில் உள்ள சிலிக்காவின் அளவு, அதில் கரைந்துள்ள நீராவி உள்ளிட்ட வாயுக்களின் அளவு, அது வெளியேறும் வழி ஆகியவையே அவை.

சிலிக்கா 50 சதவீத அளவில் இருந்தால், அது பசால்ட் வகைக் குழம்பு. சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளிவரும் இது, நீர்த்த நிலையில் வெகுதூரம் ஓடிப் பரவும். வாயுக்களும் எளிதாகப் பிரிந்து வெளியேறும். சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டினால், அது ரயோலைட் வகை. குறைந்த வெப்பத்தில் வரும் இக்குழம்பு கெட்டிப் பாகு போன்றது. ஓட மறுத்து, வாயுக்களைத் தன்னுள் அடைத்து வைத்துக்கொள்ளும். அழுத்தம் தாங்காதபோது வெடித்துச் சிதறும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டசைட் வகைக் குழம்பு, சில நேரம் ஓடியும் சில நேரம் வெடித்தும் உயர்ந்த கூம்புகளைக் கட்டுகிறது.

சுருங்கச் சொன்னால், நீர்த்த குழம்பு நிலத்தைப் பரப்புகிறது. கெட்டியான குழம்பு நிலத்தை உயர்த்துகிறது அல்லது உடைக்கிறது.

பிளவுகளில் இருந்து பிறந்த பீடபூமி

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பகுதி ஆசியாவுடன் இணையாமல் இந்தியப் பெருங்கடலில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இன்று ரீயூனியன் தீவு இருக்கும் இடத்திற்கு அடியில் உள்ள வெப்பப் புள்ளிக்கு மேலாக அது கடந்தபோது, நிலத்தில் நீண்ட பிளவுகள் தோன்றின. அவற்றின் வழியே பசால்ட் குழம்பு பெருகி வழிந்தது. ஒரே மலையின் உச்சியில் இருந்து வெளியேறியிருந்தால் அது மலையாக வளர்ந்திருக்கும். பல பிளவுகளின் வழியே வந்ததால், வெள்ளம் போல நாலாபுறமும் பரவிப் பள்ளங்களை நிரப்பிச் சமவெளியாக உறைந்தது. ஒரு குழம்பு உறைந்த பின் அதன் மீது மற்றொன்று என அடுக்குகள் சேர்ந்தன.

இதன் விளைவே தக்காண எரிமலைப் பாறைப் பரப்பு. மகாராஷ்டிராவின் பெரும்பகுதி, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா, தெலங்கானா ஆகியவற்றின் சில பகுதிகள் என ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் அது இன்றும் எஞ்சியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அதன் மொத்தத் தடிமன் 2 கி.மீ. அளவை எட்டுகிறது. மகாராஷ்டிராவின் மிக உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் இந்த அடுக்குகளால் ஆனதே. குழம்பு எவ்வளவு தூரம் ஓடியது என்பதற்கு ஆந்திராவின் ராஜமகேந்திரவரம் சான்றாக உள்ளது. கோதாவரிக் கரையில் உள்ள அப்பகுதியின் பசால்ட் பாறைகள், மேற்கே இருந்து பல நூறு கி.மீ. தூரம் ஓடி வந்த குழம்பு என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மனிதர்கள் நேரில் கண்ட பிளவு வெடிப்புகளில் 1783ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் லாக்கியில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. சுமார் 27 கி.மீ. நீளப் பிளவில் இருந்து 8 மாதங்கள் குழம்பு வெளியேறியது. அத்துடன் வந்த கந்தக வாயுவால் பயிரும் கால்நடையும் அழிந்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் உயிரிழந்தனர். தக்காணத்தில் நடந்தது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. டைனோசர்கள் அழிந்த அதே காலகட்டத்தில் இது நிகழ்ந்ததால், மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விழுந்த விண்கல்லுடன் சேர்ந்து தக்காண வெடிப்புகளுக்கும் அந்த அழிவில் பங்கு உண்டா என்ற விவாதம் அறிவியல் உலகில் தொடர்கிறது.

வெப்பப் புள்ளி இடம்பெயராமல் இருக்க, இந்தியா வடக்கே விலகிச் சென்றது. அது விட்டுச் சென்ற தடத்தின் மீதுதான் லட்சத்தீவும் மாலத்தீவும் பவளப் பாறைகளாக நிற்கின்றன. ரீயூனியன் தீவில் உள்ள பிட்டோன் டி லா ஃபுர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி குழம்பைக் கக்கி வருகிறது.

படிக்கட்டு மலைகளின் ரகசியம்

தக்காணப் பாறைகளை உலகம் 'டெக்கான் ட்ராப்ஸ்' என அழைக்கிறது. 'ட்ராப்' என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் மொழிச் சொல்லில் இருந்து வந்தது. இந்தப் படிகளை எரிமலை நேரடியாகச் செதுக்கவில்லை. அடுக்கியது எரிமலை, செதுக்கியது மழை.

ஒவ்வொரு குழம்பு அடுக்கின் நடுப்பகுதியும் மெதுவாக ஆறி, இறுகிய கடினப் பாறையாகிறது. மேற்பகுதியில் வாயுக் குமிழிகள் தங்கிவிடுவதால், அது துளைகள் நிறைந்த மென்மையான பாறையாகிறது. இரு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நீண்ட ஓய்வுக் காலத்தில் மேற்பரப்பு சிதைந்து, சில இடங்களில் செந்நிற மண் படலமாக மாறியது. அதன் மேல் அடுத்த குழம்பு படிந்தது. மழையும் ஆறுகளும் அரிக்கும்போது மென்மையான அடுக்குகள் சரிவாகக் கரைகின்றன. கடினமான அடுக்குகள் செங்குத்துச் சுவராக நிற்கின்றன. இவ்வாறே படிகள் தோன்றின.

வரலாறு இந்த அமைப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டது. 1674இல் சத்ரபதி சிவாஜி முடிசூடிய ராய்கட் உள்ளிட்ட பல கோட்டைகளுக்கு, தட்டையான உச்சியும் ஏற முடியாத செங்குத்துச் சரிவும் இயற்கை அரணாக அமைந்தன. அஜந்தாவில் வாகோரா ஆறு அரித்த குதிரை லாட வடிவப் பள்ளத்தாக்கின் பசால்ட் சுவரில் குகைகள் குடையப்பட்டன. எல்லோராவின் கைலாசநாதர் கோயில், கிடைமட்டமாக அமைந்த இதே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது.

இதே போன்ற மற்றொரு பசால்ட் பரப்பு, ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் குன்றுகள். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை, தக்காணத்தைவிடப் பழமையானவை. கிழக்கு நோக்கி வரும் கங்கை, இக்குன்றுகளைச் சுற்றிக்கொண்டுதான் தெற்கே திரும்புகிறது.

கடலில் இருந்து எழுந்த கூம்பு

அந்தமான் கடலில் கதை வேறு. அங்கு இந்தியப் புவித்தட்டு, பர்மா தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. ஆழத்திற்குச் செல்லும் தட்டில் இருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் மாக்மா உருவாகிறது. நீராவி நிறைந்த அது, ஒரே வாயில் மீண்டும் மீண்டும் வெளியேறி, குழம்பையும் சாம்பலையும் மாறி மாறி அடுக்குகிறது. இதனால் கூம்பு உயர்கிறது.

ஸ்ரீ விஜயபுரத்திற்கு, அதாவது முன்னாள் போர்ட் பிளேயருக்கு, வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு இவ்வாறு உருவானது. தெற்காசியாவில் உயிர்ப்புடன் இருப்பதாக உறுதி செய்யப்பட்ட ஒரே எரிமலை இதுவே. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 350 மீட்டரே உயரம் இருந்தாலும், கடலடியில் இருந்து அது 2 கி.மீ.க்கும் அதிகமாக எழுந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் தீவு, மூழ்கியுள்ள மலையின் நுனி மட்டுமே.

தீவின் நடுவே சுமார் 2 கி.மீ. அகலமுள்ள பெருவாய் உள்ளது. பெரும் வெடிப்புகளில் அடியில் இருந்த மாக்மா வெளியேறிய பின், தாங்க ஏதுமின்றி மேற்பகுதி உள்வாங்குவதால் இத்தகைய பள்ளங்கள் உருவாகின்றன. அப்பள்ளத்திற்குள் புதிய கூம்பு ஒன்று வளர்ந்துள்ளது. பெருவாயின் மேற்குச் சுவர் உடைந்திருப்பதால், குழம்பு அவ்வழியே கடலுக்குள் இறங்குகிறது.

இங்கு முதன்முதலில் பதிவான வெடிப்பு 1787ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பின்னர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமைதியாக இருந்த எரிமலை, 1991இல் மீண்டும் விழித்தது. 2005, 2017 உள்ளிட்ட ஆண்டுகளிலும் அது சீறியது. 2017 ஜனவரியில், 'சிந்து சங்கல்ப்' ஆய்வுக் கப்பலில் சென்ற தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் அதன் வெடிப்பை நேரில் பதிவு செய்தனர். தீவில் மக்கள் வசிக்காததால் உயிரிழப்பு அபாயம் குறைவு. எனினும் விமானப் பாதைக்கும் கடற்பகுதிக்கும் அதன் சாம்பலும் அதிர்வும் முக்கியமானவை என்பதால் கண்காணிப்பு தொடர்கிறது.

அதற்கு வடக்கே உள்ள நார்கொண்டம் தீவு, இதே எரிமலை வரிசையின் மற்றொரு முகம். சிலிக்கா மிகுந்த கெட்டியான குழம்பால் எழுந்த அது, சுமார் 710 மீட்டர் உயரம் கொண்டது. வெகுகாலமாக அடங்கிக் கிடக்கும் அதன் சரிவுகளை அடர்ந்த காடு மூடியுள்ளது. உலகில் வேறெங்கும் காணப்படாத நார்கொண்டம் இருவாச்சிப் பறவைக்கு அந்தக் காடே வீடு. குழம்பு ஆறினால், பாறையின் மீது உயிர் எவ்வாறு குடியேறுகிறது என்பதை இந்த இரு தீவுகளும் அருகருகே காட்டுகின்றன.

தூண்களும் சுவர்களும்

குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சேற்று வயல் காயும்போது வெடிப்பது போல, சுருங்கும் பாறையிலும் வெடிப்புகள் விழுகின்றன. சீராக ஆறினால், அவை பெரும்பாலும் அறுகோண வடிவில் ஆழம் நோக்கி நீண்டு, செதுக்கி நிறுத்திய தூண்களைப் போலத் தோன்றும். கர்நாடகாவின் உடுப்பி அருகே, மல்பே கடற்கரைக்கு அப்பால் உள்ள செயின்ட் மேரிஸ் தீவுகளில் இத்தகைய தூண்கள் கூட்டமாக நிற்கின்றன. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவில் இருந்து பிரிந்த காலத்துடன் தொடர்புடைய இப்பாறைகளை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1979இல் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது. மும்பையின் அந்தேரியில், குடியிருப்புகளுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் உயரத்தில் நிற்கும் கில்பர்ட் குன்றும் இத்தகைய தூண் பாறையே.

எல்லா மாக்மாவும் மேற்பரப்பை எட்டுவதில்லை. பிளவுகளுக்குள்ளேயே உறைந்த குழம்பு, சுற்றியுள்ள பாறை அரிக்கப்பட்ட பின் நீண்ட சுவராக வெளிப்படுகிறது. மகாராஷ்டிராவின் துலே, நந்துர்பார் மாவட்டங்களில் பல கி.மீ. நீளத்திற்கு ஓடும் இத்தகைய சுவர்ப் பாறைகளைக் காணலாம். குஜராத்தின் கிர்நார் மலை, ஆழத்தில் மெதுவாக உறைந்த பெரும் மாக்மாத் திரளால் ஆனது. மேலே இருந்த பாறைகள் அரிக்கப்பட்டதால் அது இன்று மாநிலத்தின் உயர்ந்த மலையாக நிற்கிறது.

சாம்பல் எழுதிய வரலாறு

வெடித்துச் சிதறும் எரிமலைகள் சாம்பலாலும் நிலத்தை உருவாக்குகின்றன. ராஜஸ்தானின் ஜோத்பூர் பகுதியில், சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய கடும் வெப்பச் சாம்பல், ஆறுவதற்கு முன்பே ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பாறையானது. மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் குன்று இந்தப் பழம்பெரும் எரிமலைப் பரப்பைச் சேர்ந்தது.

தொலைவில் நடந்த வெடிப்பும் இந்தியாவில் தடம் பதித்துள்ளது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்ததில் உருவான பெருவாய், இன்று ஏறத்தாழ 100 கி.மீ. நீளமுள்ள ஏரியாக உள்ளது. அதன் சாம்பல் வங்கக்கடலைத் தாண்டி வந்து, மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கிலும் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் வெண்ணிறப் படலமாகப் படிந்தது. அப்படலத்திற்குக் கீழும் மேலும் கல் கருவிகள் கிடைத்துள்ளன. இதனால், ஆதிமனிதர்கள் அப்பேரழிவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஆராய ஜ்வாலாபுரம் முக்கிய இடமாக விளங்குகிறது.

எரிமலை போலத் தோன்றும் எல்லாமே எரிமலை ஆகிவிடாது. மகாராஷ்டிராவின் புல்டானா மாவட்டத்தில் உள்ள லோனார் ஏரி, ஒரு காலத்தில் எரிமலை வாய் எனக் கருதப்பட்டது. பசால்ட் பாறை மீது விண்கல் மோதியதால் உருவான சுமார் 1.8 கி.மீ. விட்டமுள்ள பள்ளம் அது என்பது பின்னர் உறுதியானது. அந்தமானின் பாராடாங் தீவில் உள்ள சேற்று எரிமலைகளும் பெயரில் மட்டுமே எரிமலைகள். நிலத்தடி வாயுக்களின் அழுத்தத்தால் சேறு வெளியேறி உருவாகும் சிறு மேடுகளே அவை. அவற்றில் உருகிய பாறை இல்லை.

மண்ணும் தண்ணீரும்

தக்காண பசால்ட் சிதைந்து உருவானதே கரிசல் மண். ஈரத்தை நெடுநாள் தேக்கி வைக்கும் களிமண் இதில் மிகுதி. நனைந்தால் உப்பி, காய்ந்தால் ஆழமாக வெடிக்கும் இம்மண், விதர்பாவையும் குஜராத்தையும் பருத்தி விளையும் பூமியாக்கியது. தமிழ்நாட்டின் விருதுநகர், தூத்துக்குடி வட்டாரக் கரிசல் நிறத்திலும் குணத்திலும் இதை ஒத்தது. ஆனால், அது எரிமலைப் பாறையில் இருந்து தோன்றியதன்று. அங்குள்ள பழைய உருமாறிய பாறைகள், வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து உருவானது அது.

வளமான மண்ணைத் தந்த அதே பாறை, தண்ணீரை எளிதில் தருவதில்லை. பசால்ட்டின் கடின நடுப்பகுதியில் நீர் தேங்க இடமில்லை. சிதைந்த மேலடுக்கிலும், குமிழித் துளைகளிலும், வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. இச்சேமிப்பு ஆழம் குறைந்தது. நல்ல மழையில் விரைவாக நிரம்பி, கோடைக்குள் தீர்ந்துவிடும். படிக்கட்டு மலைகள் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதால், அவற்றுக்குக் கிழக்கே உள்ள மராத்வாடா மழை மறைவுப் பகுதியாகவும் ஆகிறது. ஒரே எரிமலை நிலம், மழையையும் தடுத்து, நீரைச் சேமிக்கவும் மறுக்கிறது. அதன் மேல், அதிக நீர் தேவைப்படும் கரும்பு சாகுபடியும் சேர்ந்தது. தொடர் வறட்சிக்குப் பின், 2016 ஏப்ரலில் மிரஜில் இருந்து லாத்தூர் நகருக்கு ரயிலில் குடிநீர் கொண்டு செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது.

இதே பாறையின் மீதுள்ள ஹிவ்ரே பஜார் கிராமம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. சரிவுகளில் வரப்புகளும் தடுப்பணைகளும் அமைத்து, ஓடும் மழைநீரை மேலடுக்கில் இறங்கச் செய்தது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைத் தவிர்த்தது. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிரை முடிவு செய்கிறது. ஆழத்தில் தேடினால் கிடைப்பது வெறும் பாறை; மேலே சேமித்தால் கிடைப்பது தண்ணீர். தங்கள் நிலம் எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொண்ட நிர்வாகம் அது.

பாதுகாக்கப்பட வேண்டிய நிலங்கள்

கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த பாறைகளை, சில ஆண்டுகள் நடக்கும் குவாரியோ கட்டுமானமோ அழித்துவிட முடியும். அழிந்த தூண் பாறையை மீண்டும் உருவாக்க வழியில்லை. புவியியல் மரபிடங்களைப் பாதுகாப்பதற்கான வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. பஞ்ச்கனி, மகாபலேஷ்வரில் உள்ள தக்காண எரிமலைப் பாறைகளும், செயின்ட் மேரிஸ் தீவுகளும் 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களுக்கான இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

பாரன் தீவில் எரிமலை தன் வேலையை இன்றும் தொடர்கிறது. தக்காணத்தில் அந்த வேலை 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால், அங்கு எந்த வயலில் பருத்தி விளையும், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும் என்பதில் அந்தப் பழைய குழம்பின் கை இன்னும் இருக்கிறது.